கைக்குழந்தையின் இதய சத்திரசிகிச்சையும் கழுத்தில் போடும் சென்ரல் லைனும்: வன்னிப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிறந்த ஒரு பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு என்று எக்கோவில் (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனில்) தெரிந்து, சத்திரசிகிச்சை வேண்டும் என்று வந்துவிட்டால், பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டியிருக்கும். பொரளையில் இருக்கும் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் போகும் இடம். சத்திரசிகிச்சை முடிந்த பிறகு ஐசியூவில் பிள்ளையை முதல் தடவை பார்க்கும் தாய்மார் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நெஞ்சிலதானே மிஸ் ஒப்பரேஷன், கழுத்தில ஏன் குழாய் போட்டிருக்கு?"

நான் ஒரு தாதி. சிறுபிள்ளைகளின் இதய ஐசியூவில் வேலை செய்தேன். இப்போது வன்னியில் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு உள்ள பெரிய நாளங்கள், அதாவது இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள், மிகச் சில. இதய நோயோடு பிறந்த பிள்ளைக்கு அவை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம். அவற்றைக் காப்பாற்றும் வேலை கொழும்புத் தியேட்டருக்குப் போவதற்கு முன்பே, எங்கள் ஊர் வாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அதில் பெற்றோருக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு என்ன என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்ற இறுதி முடிவு பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர்களுடையது.

இந்த லைன் எதற்கு?

கையில் போடும் கனுலாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புறங்கையிலோ காலிலோ உள்ள சின்ன நாளத்துக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். சேலைனுக்கும் வழமையான மருந்துகளுக்கும் அது போதும். சென்ரல் லைன் அதைவிட நீளமானது. கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய நாளம் ஒன்றின் வழியாக உள்ளே போகும். கழுத்தால் போட்டால் அதன் நுனி, உடம்பின் மேற்பாதி இரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருநாளம் இதயத்தின் வலது மேலறையான வலது சோணையறையோடு சேரும் இடத்துக்குக் கிட்ட நிற்கும். தடிப்பைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கைக்குழந்தைகளுக்குப் பொதுவாகப் போடும் 4 பிரெஞ்ச் அளவுக் குழாயின் வெளி விட்டம் ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர்தான். அதற்குள்ளேயே இரண்டு தனித்தனி வழிகள் இருக்கும். சற்றுப் பெரிய அளவுகளில் மூன்று வழிகள் வரும். வெளியே தெரியும் வால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி.

முதல் தேவை மருந்து. இதயத்தைத் திறந்து திருத்திய பிறகு முதல் சில நாட்கள் அது களைத்துப்போய் இருக்கும். அட்ரினலின், மில்ரினோன் போன்ற மருந்துகளை ஒரு நொடியும் விடாமல் பம்பில் கொடுத்து அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பொற்றாசியமும் கல்சியமும் செறிவாகக் கொடுக்கவேண்டி வரும். இவற்றைக் கையில் உள்ள சின்ன நாளத்தில் விட்டால், நாளம் எரிந்து மருந்து வெளியே கசிந்து, சுற்றியுள்ள தோலும் சதையும் செத்துப்போகக்கூடும். இரணைமடுக் குளத்தைத் திறந்து விடும் தண்ணீரை ஒரு சின்ன வரம்பு வாய்க்காலுக்குள் விட்டால் கரை நிற்குமா? பெரிய நாளத்தில் இரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்து ஐதாகிவிடும்.

அடுத்தது அழுத்தம். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தத்தை இந்தக் குழாய் வழியாக மொனிட்டரில் தொடர்ந்து பார்க்கலாம். உடம்பில் நீர் போதுமா, வலது பக்க இதயம் சிரமப்படுகிறதா என்பதற்கு அது ஒரு தடயம்.

பிள்ளையை ஒவ்வொரு தடவையும் குத்தாமல் இரத்தம் எடுப்பதற்கும் லைன் உதவும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் இரத்தம்தான் கைக்குழந்தையின் உடம்பில் இருக்கிறது. 4 கிலோப் பிள்ளைக்கு அது 320 மில்லிலீற்றர், ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்கும் குறைவு. அதனால் பரிசோதனைக்கு எடுப்பதையும் அளந்துதான் எடுப்பார்கள்.

படி 1: ஊரில் இருக்கும்போதே நாளங்களைக் காப்பாற்றுங்கள்

சத்திரசிகிச்சைக்குத் திகதி வரும்வரை பிள்ளை பல தடவை வாட்டில் நிற்க நேரிடும். நெஞ்சுச்சளி, காய்ச்சல், பால் குடிக்காமை என்று ஏதோ ஒன்று. அப்போதெல்லாம் இரத்தம் எடுப்பார்கள், கனுலா போடுவார்கள். கொழுத்த கையில் நாளம் தெரியாவிட்டால் தொடை இடுக்கிலோ கழுத்திலோ குத்தி இரத்தம் எடுக்கும் பழக்கமும் இருக்கிறது. இதய சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இதை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. தொடை இடுக்கில் உள்ள நாளத்தில் ஒரு தடவை இரத்தம் கட்டி அடைபட்டால், பிறகு இதயத்துக்குள் கம்பி விட்டுச் செய்யும் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அந்த வழி இல்லாமல் போய்விடலாம்.

ஆகவே தயங்காமல் சொல்லுங்கள்: "மிஸ், பிள்ளைக்கு இதய ஒப்பரேஷன் இருக்கு. கழுத்தையும் தொடை இடுக்கையும் விட்டுட்டு கை, கால்ல பாருங்கோ." தாதியோ டொக்டரோ இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, சொன்னது காதில் விழுந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிள்ளை மூச்சடங்கி, உயிர் போகிற நிலையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்போது எந்த நாளம் கிடைத்தாலும், கால் எலும்பு மச்சைக்குள் ஊசி போட்டாலும் சரி, முதலில் உயிர்.

சொல்லவேண்டிய இன்னொரு விஷயம் காற்றுக் குமிழ். இதயத்தின் இடது வலது பக்கங்களுக்கு இடையே ஓட்டை உள்ள பிள்ளைகளுக்கு, முக்கியமாக உதடும் நகமும் நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு, சேலைன் குழாயில் வரும் சின்னக் குமிழ்கூட ஆபத்து. மற்றப் பிள்ளைகளில் அது நுரையீரலில் வடிபட்டுப் போய்விடும். இந்தப் பிள்ளைகளில் ஓட்டை வழியாக இடது பக்கம் தாண்டி மூளைக்குப் போய்விடலாம். "பிள்ளைக்கு இதயத்தில ஓட்டை இருக்கு, லைன்ல காற்றுப் போகக்கூடாது" என்று ஒவ்வொரு புது வாட்டிலும், ஒவ்வொரு புது ஷிப்ட்டிலும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

வளர்ச்சிக்கு வருவோம். எடை கூடிய பிள்ளைக்கு நாளமும் சற்றுப் பெரிதாக இருக்கும், சத்திரசிகிச்சையையும் நன்றாகத் தாங்கும். பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்துப் போகும் பிள்ளைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். எடை ஏறவில்லை என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

படி 2: பயணம், அனுமதி, கழுத்து மடிப்பு

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஏ9 வீதியில் இரவு பஸ் எடுத்தாலும், யாழ்தேவியில் போனாலும் ஒரு நீண்ட பயணம்தான். முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ வந்து சேர்வதே தனிப் பயணம். வன்னி வெயிலில் கைக்குழந்தை சீக்கிரம் காய்ந்துபோகும். நீர் குறைந்தால் நாளங்கள் சுருங்கும், லைன் போடுவது கடினமாகும். நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு ஏற்கனவே இரத்தம் தடித்திருக்கும். அவர்கள் காய்ந்துபோனால் இரத்தம் கட்டும் அபாயம் கூடும். வழியில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது தாய்ப்பால் கொடுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் பயணத்தைத் தொடங்காமல் கிட்ட உள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள்.

அனுமதிக்கப் போகும்போது எக்கோ அறிக்கை, வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும்போது தந்த பழைய டயக்னோசிஸ் காட்கள், மருந்துச் சீட்டு, கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். முன்பு எப்போதாவது சென்ரல் லைன் போட்டிருந்தால், பிறந்தவுடன் தொப்புள் வழியாகப் போட்டது உட்பட, எங்கே, எந்தப் பக்கம், எத்தனை நாள் இருந்தது என்று எழுதிக் கொண்டுபோங்கள். பழைய லைன் இருந்த நாளம் அடைபட்டிருக்கக்கூடும் என்பதால் மயக்க மருந்து வைத்தியருக்கு இது பெரிய உதவி.

பிள்ளையின் கழுத்து மடிப்பைப் பாருங்கள். சித்திரை வெயிலில் வரும் வேர்க்குரு, வழிந்த பால் காய்ந்து புளித்த சிவப்பு, பவுடர் கட்டி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதே இடத்தில்தான் ஊசி போகப்போகிறது. சில நாட்களுக்கு முன்பிருந்தே இளம் சூட்டுத் தண்ணீரில் துடைத்து, மெல்லத் தாடையைத் தூக்கி நன்றாக உலரவிடுங்கள். பவுடர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நப்பி கட்டும் இடமும் அப்படியே. புண்ணோ கொப்புளமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கழுத்துப் பஞ்சாயுதம், அரைநாண் கயிறு, கையில் கட்டிய நூல் எல்லாம் தியேட்டருக்கு முதல் கழற்றத்தான் வேண்டும். அம்மம்மா கட்டிவிட்டதை அறுப்பதா என்று மனம் கிடந்து அடிக்கும், தெரியும். வாட்டில் கத்தரிக்கோலோடு வந்து அறுக்க விடாமல், வீட்டிலேயே பெரியவர்களைக் கொண்டு கழற்றி, தாயின் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் வெறும் வயிறு பற்றி வாட்டில் சொல்லும் நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள். பொதுவாகத் தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம், மாப்பாலுக்கு 6 மணித்தியாலம். "எதுக்கும் கொஞ்சம் கூட விடுவம்" என்று அதைவிட நீளமாகப் பட்டினி போட வேண்டாம். தியேட்டர் நேரம் பிந்தினால் இடையில் ஏதும் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

படி 3: எந்த நாளம் என்று எப்படி முடிவாகிறது?

பெற்றோருக்கு இதை யாரும் விளக்குவதில்லை. எனக்கு இதில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு, ஏனென்றால் பிள்ளையின் அடுத்த பத்து வருடம் இந்த முடிவில் தங்கியிருக்கலாம்.

அதிகம் தெரிவு செய்வது கழுத்தின் வலது பக்க உட்கழுத்து நாளம். அங்கிருந்து இதயத்துக்கு வழி ஏறத்தாழ நேர்கோடு. இடது பக்கம் வளைந்து போகும். குழாயின் நுனி நாளச் சுவரில் முட்டி உராயும் அபாயம் கூட. காறை எலும்புக்குக் கீழே போகும் நாளத்திலும் போடலாம், ஆனால் நுரையீரல் மேற்பகுதி அதற்கு மிகக் கிட்ட இருப்பதால் ஊசி பட்டால் நெஞ்சுக்குள் காற்றுக் கசியும். தொடை இடுக்கு நாளம் நுரையீரலிலிருந்து தூரம், அவசரத்தில் கை எட்டும் இடம். ஆனால் நப்பிக்குக் கிட்ட. கால் நாளம் அடைபடும் பயமும் உண்டு. பிறந்து முதல் சில நாட்களுக்குள் என்றால் தொப்புள் நாளம் இன்னும் திறந்திருக்கும், அதையே பயன்படுத்தலாம். சில நேரம் நெஞ்சு திறந்திருக்கும்போதே சத்திரசிகிச்சை வைத்தியர் நேரடியாகச் சோணையறைக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, நெஞ்சுத் தோல் வழியாக வெளியே எடுத்துவிடுவார்.

ஒற்றை இதயவறையோடு, அதாவது இரத்தத்தைத் தள்ளும் இரண்டு கீழறைகளில் ஒன்று மட்டுமே சரியாக வேலைசெய்யும் நிலையோடு, பிறக்கும் பிள்ளைகளின் கதை வேறு. இவர்களுக்கு ஒரே தடவையில் இதயத்தைத் திருத்த முடியாது. படிப்படியாகச் செய்ய வேண்டும். ஏறத்தாழ 4 முதல் 6 மாதத்தில் செய்யும் கிளென் என்ற சத்திரசிகிச்சையில், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் மேற்பெருநாளத்தை நேராக நுரையீரல் நாடியோடு (நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயோடு) இணைத்துவிடுவார்கள். பிறகு சில வயதானதும் ஃபொன்ரான் என்ற சத்திரசிகிச்சையில் கீழிருந்து வரும் இரத்தத்தையும் அதோடு சேர்ப்பார்கள். அதாவது மேற்பெருநாளம்தான் அந்தப் பிள்ளையின் நுரையீரலுக்கு இரத்தம் போகும் பாதையாகவே மாறப்போகிறது. கழுத்தில் நீண்ட நாள் லைன் வைத்து அங்கே இரத்தம் கட்டினால் கிளென் சரிவராமல் போகலாம். அதனால் பல நிலையங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கழுத்து நாளத்தைத் தவிர்ப்பார்கள், அல்லது போட்டாலும் மிகச் சீக்கிரம் கழற்றிவிடுவார்கள். தொடை இடுக்கோ நேரடிச் சோணையறைக் குழாயோ அங்கே முன்னுக்கு வரும். உங்கள் பிள்ளைக்கு ஒற்றை இதயவறை என்று சொல்லியிருந்தால், ஊரில் காய்ச்சலுக்கு வாட்டில் இருக்கும்போதும் "கழுத்தில லைன் போட வேண்டி வந்தால் முதல்ல இதய கிளினிக் டொக்டரிட்டக் கேளுங்கோ" என்று சொல்ல உங்களுக்கு முழுக் காரணம் இருக்கிறது.

இதய நோயுள்ள பிள்ளைகள் சிலருக்கு இடது பக்கத்திலும் இன்னொரு மேற்பெருநாளம் இருக்கும். ஊரில் எக்கோவில் அப்படி எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தவறவிடாதீர்கள்.

படி 4: சம்மதப் படிவத்தில் கையெழுத்து

படிவம் எந்த மொழியில் இருந்தாலும், தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாட்டில் பெரும்பாலும் தமிழ் தெரிந்த டொக்டரோ தாதியோ ஒருவராவது இருப்பார். அவர் வரும்வரை காத்திருக்கக் கேளுங்கள். மயக்க மருந்து வைத்தியர் முதல் நாள் பார்க்க வருவார். லைன் எந்த இடத்தில் போட நினைக்கிறீர்கள், அங்கே முடியாவிட்டால் அடுத்தது எது, ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா, எத்தனை நாள் இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். பிள்ளையின் உயரத்தையும் அளப்பார்கள். வலது கழுத்தில் போடும் லைன் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதற்கு உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து, 10 ஆல் வகுத்து, 1 ஐக் கழிக்கும் கணக்கு ஒன்று பரவலாகப் பாவனையில் இருக்கிறது. 60 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு 5 சென்ரிமீற்றர்.

படி 5: தியேட்டருக்குள் நடப்பது

பிள்ளை முழு மயக்கத்தில், சுவாசக் குழாய் போட்ட பிறகுதான் லைன் போடுவார்கள். வலி தெரியாது. இதைத் தாய்மார் நம்பவேண்டும். கழுத்தில் குத்தும்போது பிள்ளை அழுதிருக்கும் என்று நினைத்து நினைத்து அழுதவர்கள் பலர்.

தோளுக்குக் கீழே ஒரு சின்னத் துணிச்சுருள் வைத்து, தலையை இலேசாக மறுபக்கம் திருப்பி, கட்டிலைத் தலைப்பக்கம் சற்றுத் தாழ்த்துவார்கள். தாழ்த்தினால் கழுத்து நாளத்தில் இரத்தம் நிறைந்து அது விரியும், காற்று உள்ளே இழுபடும் ஆபத்தும் குறையும். லைன் போடுபவர் கையைத் தேய்த்துக் கழுவி, தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய அங்கி, கையுறை எல்லாம் அணிவார். தோலைக் கிருமிநாசினியால் துடைத்து அது காயும்வரை பொறுப்பார். பிள்ளையின் உடம்பு முழுக்க கிருமி நீக்கிய விரிப்பால் மூடி, கழுத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிய விடுவார்கள்.

பிறகு அல்ட்ராசவுண்ட் கருவியின் தலையைக் கழுத்தில் வைப்பார்கள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். கருவியை மெல்ல அழுத்தினால் ஒன்று நசிந்து கோடாகிவிடும், அது நாளம். மற்றது நசியாமல் துடித்துக்கொண்டே நிற்கும். அது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி. ஒரு சில மில்லிமீற்றர் அகலமுள்ள அந்த நசியும் வட்டத்தின் நடுவில்தான் ஊசி நுனி வரவேண்டும். நான் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நேரம் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

கறுத்த சிவப்பில் இரத்தம் திரும்பி வந்ததும், ஊசிக்குள்ளால் ஒரு மெல்லிய வழிகாட்டிக் கம்பியை விடுவார்கள். ஊசியை எடுத்துவிட்டு, துளையைச் சற்று விரித்து, கம்பியின் மேலாகக் குழாயை வழுக்கி உள்ளே அனுப்பி, கம்பியை வெளியே இழுத்துவிடுவார்கள். சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் என்ற வைத்தியர் 1953 இல் வெளியிட்ட முறை இது. இன்றுவரை உலகம் முழுக்க இதுதான். கம்பி உள்ளே போகும்போது இதயத்தைத் தொட்டால் மொனிட்டரில் துடிப்பு ஒன்றிரண்டு தாளம் தப்பும். உடனே சற்றுப் பின்னால் இழுப்பார்கள், சரியாகிவிடும். ஒவ்வொரு வழியிலும் இரத்தம் தங்குதடையின்றி வருகிறதா என்று பார்த்து, குமிழ் இல்லாமல் சேலைன் நிரப்பி, தோலோடு தைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். நுனி எங்கே நிற்கிறது என்பதை எக்கோவிலோ எக்ஸ்ரேயிலோ உறுதி செய்வார்கள்.

கை, கால் கனுலா, நாடியில் அழுத்தம் பார்க்கும் லைன், சென்ரல் லைன், சிறுநீர்க் குழாய் எல்லாம் முடிய நல்ல நேரம் எடுக்கும். பிள்ளை உள்ளே போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் "இன்னும் தொடங்கேல்ல" என்று வெளியே சொன்னால், ஏதோ பிழை நடந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

லைன் போடும்போது பிழை நடக்க வாய்ப்பே இல்லையா? இருக்கிறது. ஊசி நாடியில் படலாம். எடுத்துவிட்டு அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நெஞ்சுக்குள் காற்றோ இரத்தமோ கசியலாம். மிக அரிதாகக் குழாய் நுனி இதயச் சுவரைத் துளைக்கும். ஒரு பக்கம் முடியாமல் இன்னொரு பக்கம் போகவேண்டி வரலாம். அதனால் கழுத்தில் இரண்டு ஊசித் தடம் இருந்தால், என்ன நடந்தது என்று கேளுங்கள். குற்றம் பிடிப்பதற்காகக் கேட்க வேண்டாம். எந்த நாளத்தைத் தொட்டார்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்கவேண்டும் என்பதற்காகக் கேளுங்கள்.

படி 6: ஐசியூ நாட்கள்

முதல் தடவை உள்ளே போகும்போது ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: பிள்ளை வீங்கியிருக்கும், நிறம் வெளிறியிருக்கும், உடம்பு முழுக்கக் குழாய். வாயில் சுவாசக் குழாய், நெஞ்சிலிருந்து வடிகுழாய்கள், மணிக்கட்டில் நாடி லைன், வயிற்றுக்கு மேலே நூல்போன்ற பேஸ்மேக்கர் வயர்கள். கழுத்து லைன் அதில் ஒன்று. எந்த வாலையும் தூக்கி நகர்த்தாமல், பாதத்தையோ உள்ளங்கையையோ தொட்டுப் பேசுங்கள். பிள்ளைக்கு உங்கள் குரல் தெரியும்.

மொனிட்டரில் லைனின் அழுத்தம் ஓர் எண்ணாக ஓடும். அது 8 இலிருந்து 12 ஆனது என்று பதற வேண்டாம். பிள்ளை இருமினாலும், அழுதாலும், படுக்கை உயர்ந்தாலும் மாறும். கிளென் செய்த பிள்ளைக்குக் கழுத்து லைன் காட்டுவது நுரையீரல் நாடியின் அழுத்தத்தை. அங்கே வழமையாகவே எண் கூடுதலாக இருக்கும். எண்ணை ஐசியூ ஆட்கள் பார்ப்பார்கள், நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்.

பெற்றோர் உண்மையில் உதவக்கூடிய இடம் கிருமித் தொற்று. லைன் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனைக்குக் கிருமி உள்ளே போகும் அபாயமும் கூடும். இரத்தத்தில் கிருமி ஏறினால், நன்றாகத் தேறிவந்த பிள்ளை ஒரே இரவில் படுத்துவிடும். அமெரிக்காவில் பீற்றர் புரோனோவோஸ்ட் என்ற வைத்தியரும் சேர்ந்து மிச்சிகன் மாநில ஐசியூக்களில் செய்த வேலை 2006 இல் வெளியானது: கை கழுவுதல், முழு விரிப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, முடிந்தால் தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் கழற்றுதல் என்ற ஐந்து சின்ன விஷயத்தை விடாமல் செய்ததாலேயே இந்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. அது பெரும்பாலும் பெரியவர்களின் ஐசியூக்களில் நடந்தது. குழந்தைகளுக்குத் தொடை இடுக்கு பற்றிய கணக்கு வேறு என்பதை மேலே சொன்னேன். ஆனால் கை கழுவுவதும் சீக்கிரம் கழற்றுவதும் எல்லோருக்கும் ஒன்றே. புது மருந்தும் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம்.

அதனால் உள்ளே போகும்போதெல்லாம் முழங்கை வரை கழுவுங்கள். மோதிரமும் காப்பும் வெளியே. தாதி மருந்து ஏற்றுவதற்கு முன் லைனின் வாயைக் குறைந்தது 15 நொடி தேய்த்துத் துடைப்பதைக் கவனித்தால் நல்ல ஐசியூவில் இருக்கிறீர்கள் என்று நிம்மதி கொள்ளலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டரைப் பொதுவாக 7 நாளுக்கு ஒரு தடவையும், துணிப் பஞ்சுக் கட்டை 2 நாளுக்கு ஒரு தடவையும் மாற்றுவார்கள். ஆனால் நனைந்தாலோ ஓரம் கழன்றாலோ உடனே மாற்றவேண்டும். பிள்ளையின் எச்சில் வழிந்து கழுத்துப் பிளாஸ்டருக்குக் கீழே இறங்குவதை முதலில் காண்பது பெரும்பாலும் தாய்தான். அதைச் சொல்லுங்கள்.

வற்றாப்பளை அம்மன் விபூதியையும், மடுவிலிருந்து கொண்டுவந்த மண்ணையும் ஐசியூவுக்கு வெளியே கண்ணீரோடு நீட்டும் உறவினரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை யாரும் தள்ளக்கூடாது. ஆனால் பிள்ளையின் கழுத்திலோ நெஞ்சிலோ அது படக்கூடாது. ஒரு சின்னத் தாளில் மடித்து, மூடிய பைக்குள் போட்டு, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் பூச ஆசையென்றால் லைன் கழற்றிய பிறகு பூசலாம்.

கவனிக்க வேண்டியவை: முகம், கழுத்து, கை ஆகியவை ஒரு பக்கமாக அல்லது மேற்பாதி மட்டும் வீங்குவது, தொடை இடுக்கில் லைன் இருந்தால் அந்தக் கால் மற்றதைவிடத் தடிப்பது, கறுப்பது, குளிர்வது, லைன் இடம் சிவப்பது, அங்கே நீரோ சீழோ வடிவது, பிளாஸ்டருக்குக் கீழே இரத்தம், புதிதாகக் காய்ச்சல். மொழி தடுத்தால் கையால் காட்டி, சிங்களத்தில் காய்ச்சலுக்கு "உண", இரத்தம் வருகிறது என்பதற்கு "லே எனவா", வீங்கியிருக்கிறது என்பதற்கு "இதிமிலா" என்று சொன்னால் யாரும் விளங்கிக்கொள்வார்கள்.

தினமும் வைத்தியர்கள் சுற்றி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த லைன் இன்றைக்கும் தேவையா?" என் அனுபவத்தில், பெற்றோர் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெறுமதியானது எதுவும் இல்லை. தேவை என்றால் ஏன் என்று சொல்வார்கள். தேவையில்லை என்றால் அன்றைக்கே கழற்றுவது பற்றி யோசிப்பார்கள்.

படி 7: கழற்றுவது

இதய மருந்துகள் நின்று, பிள்ளை பால் குடிக்கவோ மூக்குக் குழாயால் எடுக்கவோ தொடங்கி, கையில் உள்ள கனுலாவே போதும் என்ற நிலையில் லைனைக் கழற்றுவார்கள். படுக்கையை மட்டமாக்கி, தையலை வெட்டி, மெதுவாக இழுத்து, உடனே அழுத்திப் பிடிப்பார்கள். சில நிமிடம் அழுத்தி, காற்றுப் புகாத கட்டுப் போடுவார்கள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தித் தூக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். சோணையறைக்குள் நேரடியாக வைத்த குழாயை எடுத்த பிறகு இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிகிறதா என்று மேலும் கவனமாகப் பார்ப்பார்கள்.

நாளத்தில் இரத்தம் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஊசியைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ கொடுக்க வேண்டி வரலாம். அதை வீட்டிலேயே போடவேண்டி வந்தால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ வவுனியாவிலோ எந்த வைத்தியசாலையில் ஊசி கிடைக்கும், யார் போடுவார்கள் என்பதை வீட்டுக்கு விட முன் வாட்டிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். ஊருக்கு வந்தபிறகு தேடுவது கஷ்டம்.

படி 8: டயக்னோசிஸ் காட்டும் வீடும்

காட் கையில் கிடைத்ததும் சத்திரசிகிச்சையின் பெயரை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். எந்த நாளத்தில், எந்தப் பக்கம் லைன் போட்டார்கள், எந்தத் திகதியில் கழற்றினார்கள், அடைப்பு ஏதும் இருந்ததா என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வரிதான். அதைக் கைபேசியில் படம் எடுத்து, ஒரு பிரதியைக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். மூன்று வயதில் இன்னொரு சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, அந்த இரண்டு வரி ஒரு ஸ்கேன் செய்யும் நேரத்தை மிச்சம் பிடிக்கும். சில பிள்ளைகளில் வீணாகக் குத்துவதையும் தடுக்கும்.

கழுத்துத் தடம் சில நாளில் காய்ந்துவிடும். அதன் மேல் மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். குளிக்கவைக்கும்போது ஊறவிடாமல் துடைத்தால் போதும். கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆறியதைப் பயன்படுத்துங்கள்.

வீட்டுக்கு வந்து முதல் வாரங்களில் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், கழுத்திலோ தொடையிலோ புது வீக்கம், முகம் உப்புதல், ஒரு கால் தடித்தல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஏதும் வந்தால் பனடோல் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். வைத்தியசாலையில் "இதய ஒப்பரேஷன் செய்த பிள்ளை, சென்ரல் லைன் இருந்தது" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அன்ரிபயோட்டிக் தொடங்க முன் இரத்தத்தில் கிருமி பார்க்க எடுப்பார்களா என்றும் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு கறுத்தாலோ, பிள்ளை கண் திறக்காவிட்டாலோ வாகனம் தேடி ஓடாமல் 1990 இற்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீட்டுக்கு வரும் வழியைச் சொல்லும்போது கிட்ட உள்ள பாடசாலை, கோவில், சந்தியின் பெயரைச் சொல்லுங்கள். உள்வீதியில் இருந்தால் ஒருவரை லைட்டோடு பிரதான வீதிக்கு அனுப்பி வையுங்கள்.